கலைக்கழகம் கண்ட கெயின்ஸ்

ஜோன் மேனாட் கெயின்ஸ் என்னும் பெயரைப் பொருளியல் கற்றோர் அனைவரும் அறிவர். வேலையில்லாத் திண்டாட்டம், அரசாங்கச் செலவு, பணத்தின் பெறுமதி ஆகியன பற்றிக் கூறும் பாடநூல்களில் அவர் பெயர் வாராத அத்தியாயம் அரிது. ஆயினும் அவர் தம் வாழ்நாளின் இறுதி நான்காண்டுகளில், பிரித்தானியாவின் போர்க்காலக் கடன் முழுவதையும் மனத்திற் சுமந்து திரிந்த வேளையில், நாடகக் குழுக்களுக்கும் இசைக் குழுக்களுக்கும் ஓவியக் காட்சிகளுக்கும் பொதுப்பணத்தை எவ்வாறு பங்கிடுவதென்று இரவிரவாகத் திட்டமிட்டுக் கொண்டிருந்தார் என்பதை நான் கற்ற பாடநூல் எதுவும் எனக்குச் சொல்லவில்லை. அரசாங்கம் கலைஞனுக்குப் பணம் கொடுக்கவேண்டும். ஆனால், அவன் கையைப் பற்றி எழுதுவிக்கக் கூடாது. இவ்விரண்டும் ஒருங்கே நிகழக்கூடுமா என்பது பழைய வினா. அதற்கு ஓர் அமைப்பின் வடிவிலே விடை கூற முயன்றவர் அவர். அந்த ஓர் இழையைப் பற்றிக்கொண்டு அவர் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். பொருளியற் கோட்பாடுகளை அத்துறையோர்க்கே விட்டுவிடுகிறேன்.

கெயின்ஸ் 1883 ஆம் ஆண்டு ஜூன் 5 ஆந் திகதி கேம்பிரிட்ஜ் நகரிலே பிறந்தார். தந்தையார் ஜோன் நெவில் கெயின்ஸ் அளவையியலும் பொருளியலும் கற்பித்தவர். பின்னர்ப் பல்கலைக்கழகத்தின் பதிவாளராக அமர்ந்தவர். தாயார் புளோரன்ஸ் அந்நகரசபைக்குத் தெரிவுசெய்யப்பட்ட முதற் பெண் உறுப்பினர். 1932 இல் நகரின் மேயராகவும் விளங்கியவர். கணக்கும் ஒழுங்கும் தந்தை வழியாகவும், ஊர்ப்பொது வேலையைத் தன் வேலையாக எண்ணும் பழக்கம் தாய் வழியாகவும் மகனுக்கு வந்தன என்று கொள்வதில் தவறில்லை. மற்றோர் உண்மையும் உண்டு. அந்தத் தந்தையும் தாயும் மகனுக்குப் பின்னும் உயிரோடிருந்தனர்.

ஈற்றன் பாடசாலையிலும் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலும் படித்துக் கணிதத்தில் 1905 இல் பன்னிரண்டாவது இடத்தைப் பெற்றார். அடுத்த ஆண்டு இலண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த அலுவலகத்திலே எழுதுநராகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு முதன்முதலிற் கிடைத்த பணி, பத்து இளங்காளைகளைப் பம்பாய்க்குக் கப்பலேற்றுவது. இரண்டாண்டுகளில் அவ்வேலையை வெறுத்து விட்டுவிட்டார். எனினும் இந்திய நாணயம் பற்றி 1913 இல் அவர் வெளியிட்ட முதல் நூலுக்கு அந்த அலுவலகத்துக் கோப்புகளே வித்து. இந்தியாவை அவர் நேரிற் கண்டதில்லை.

இக்காலத்திலேதான் இலண்டனின் புளூம்ஸ்பரிப் பகுதியில் வாழ்ந்த எழுத்தாளர்களும் ஓவியர்களும் அவருக்கு நண்பராயினர். வர்ஜீனியா வுல்ஃப், அவர் தமக்கை வனெசா பெல், ஓவியர் டங்கன் கிரான்ற் முதலியோர் அக்கூட்டத்தினர். அழகை நுகர்தலும் நட்பைப் பேணுதலுமே வாழ்க்கையின் உயர்ந்த பயன் என்பது அவர்கள் கொள்கை. பணம் அதற்கு ஒரு கருவி, அவ்வளவே. இந்த நம்பிக்கையைக் கெயின்ஸ் இறுதிவரை கைவிடவில்லை. கலை மக்களை நல்வழிப்படுத்தும், தொழிலாளரை உற்சாகப்படுத்தி உற்பத்தியைப் பெருக்கும் என்றெல்லாம் கூறிக் கலைக்குப் பணம் கேட்பார் எந்த நாட்டிலும் உளர். கெயின்ஸ் அவ்வாறு கேட்டவரல்லர். உற்பத்தியே கலைக்காக என்று எண்ணியவர் அவர். இதனை மனத்திற்கொள்ளாதவர்க்கு அவர் பின்னர் வகுத்த திட்டத்தின் பலமும் விளங்காது, குறையும் விளங்காது.

முதல் உலகப் போரின்போது அவர் திறைசேரியிற் பணியாற்றினார். 1918 மார்ச்சில் ஓவியர் தெகா சேர்த்து வைத்திருந்த படங்கள் பாரிஸ் நகரில் ஏலத்துக்கு வந்தன. ஜெர்மானியரின் நெடுந்தூரப் பீரங்கி அந்நகர்மீது குண்டு பொழிந்துகொண்டிருந்த நாட்கள் அவை. பிரான்சு பிரித்தானியாவுக்குக் கடன்பட்டிருந்தது. அக்கடனுக்கு ஈடாகப் படங்களை வாங்கினாலென்ன என்று கெயின்ஸ் நிதி மந்திரியிடம் வாதாடி ஏறத்தாழ 20,000 பவுண் பெற்றுக்கொண்டார். தேசிய ஓவியக் கூடத்தின் பணிப்பாளரும் உடன் சென்றார். தம்மை யாரும் அடையாளங் காணாதிருக்க மீசையை மழித்து மூக்குக்கண்ணாடி அணிந்து சென்றாராம். இங்கர், தெலக்குருவா, மனே முதலியோரின் படங்கள் இலண்டனை வந்தடைந்தன. பணிப்பாளர் செசானின் படங்களில் ஒன்றையும் வாங்க உடன்படவில்லை; கொடுத்த பணத்தில் ஒரு பகுதியைச் செலவிடாமலே திருப்பிக்கொண்டு வந்தார். செசான் வரைந்த ஆப்பிள் பழங்களின் சிறு படமொன்றைக் கெயின்ஸ் தம் பணத்தில் வாங்கினார். ஊர் திரும்பிய இரவில் நண்பரின் பண்ணை வீட்டு ஒழுங்கை முகப்பில் மோட்டார் வண்டியிலிருந்து இறங்கியவர், பெட்டியுடன் படத்தையும் சுமக்க இயலாது அதனை வேலியோரத்தில் வைத்துவிட்டு நடந்தார். பின்பு நண்பர்கள் ஓடிச்சென்று எடுத்து வந்தனர்.

வேடிக்கையான கதைதான். ஆயினும் அரச பணத்தைக் கலைக்குச் செலவிடுவோர்க்கு இதிலே ஒரு செய்தி உண்டு. பணத்தைப் பெறுவதற்கு ஒருவரின் திறமை வேண்டும். எதனை வாங்குவதென்று தெரிவதற்கு மற்றொரு கண் வேண்டும். பதவியிலிருப்பவருக்கு அந்தக் கண் எப்போதும் வாய்ப்பதில்லை.

1919 இல் சமாதான மாநாட்டிலிருந்து விலகி வந்து அவர் எழுதிய நூல் அவரை உலகறியச் செய்தது. அதனை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது அதற்கடுத்த ஆண்டுகளில் அவர் தம் சொந்தப் பணத்தைக் கொண்டு செய்து பார்த்த பரீட்சைகள்.

முதலாவது, 1925 இல் நண்பர் சிலருடன் அமைத்த இலண்டன் ஓவியர் சங்கம். அதன் உறுப்பினரான ஓவியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 150 பவுண் வருமானம் உறுதி செய்யப்பட்டது. படம் விற்றாற் சங்கம் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்; விற்காவிடினும் ஓவியர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சிறப்பாக விற்பவரின் பங்கிலிருந்து விற்காதவர் தாங்கப்படுவர் என்பது எண்ணம். சில ஆண்டுகள் நன்றாகவே நடந்தது. பின்னர் நன்கு விற்ற ஓவியர்கள் வணிகக் கூடங்களை நாடிப் பிரிந்தனர். உலகப் பொருளாதார மந்தமும் வந்து சேர்ந்தது. 1930களின் முற்பகுதியிலே சங்கம் கலைந்தது. தனியார் சிலரின் நல்லெண்ணத்தால் மட்டும் ஒரு கலை நிலையத்தை நெடுங்காலம் தாங்க முடியாதென்பதை அவர் கற்ற இடம் இதுவென நான் கருதுகிறேன்.

அதே 1925 இல் அவர் ருஷ்ய நடனமாது லிடியா லொப்பக்கோவாவை மணந்தார். சென் பீற்றர்ஸ்பேர்க்கில் அரச நடனப் பள்ளியிலே பயின்று, தியாகிலெவின் குழுவோடு மேனாடெங்கும் ஆடிப் புகழ்பெற்றவர் லிடியா. கெயின்ஸின் புலமை மிக்க நண்பர்கள் சிலர் இம்மணத்தை உள்ளூர இகழ்ந்தனர். அவர்கள் இகழ்ந்த அந்தப் பெண் மூலமாகவே அவர் மேடையின் உட்புறத்தைக் கண்டார். ஒத்திகைக்கு யார் கூலி கொடுப்பது, திரைச்சீலைக்கு என்ன விலை, ஆடுபவரின் கால் எத்தனை ஆண்டு தாங்கும் என்பவை புத்தகத்திற் படிக்கக் கூடியவை அல்ல. தியாகிலெவ் 1929 இல் இறந்தபின், நடனக் கலை இங்கிலாந்தில் அற்றுப்போகாதிருக்க மறு ஆண்டு தோன்றிய கமார்கோ சங்கத்துக்குக் கெயின்ஸ் தனாதிகாரியானார். 1933 இல் உலகப் பொருளாதார மாநாட்டுக்கு வந்த பிரதிநிதிகளுக்காகக் கொவன்ற் கார்டன் அரங்கிலே சிறப்பு நடன நிகழ்ச்சிகளை நடத்திச் சங்கத்தின் கணக்கை ஒழுங்காக முடித்துவைத்தார்.

மூன்றாவது பரீட்சை கல்லிலும் சாந்திலும் எழுந்தது. கேம்பிரிட்ஜ் நகரில் நல்ல அரங்கு இல்லாத குறையைப் போக்க எண்ணிக் கிங்ஸ் கல்லூரியின் நிலத்தைக் குத்தகைக்குப் பெற்று, பெரும்பாலும் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு, ஒரு கலையரங்கைக் கட்டினார். அது 1936 பெப்ரவரி 3 ஆந் திகதி திறக்கப்பட்டது. மறுநாள், பெப்ரவரி 4 இல், பொருளியலின் போக்கையே மாற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. எவ்விரு வேலைகளையும் ஒருவர் ஒரே வாரத்தில் முடிக்கலாம். ஆனால் இவ்விரண்டையும் முடித்தவர் இவர் ஒருவரே. திறப்பு விழாவையடுத்து இப்சனின் நாடகங்கள் ஆடப்பெற்றன. லிடியாவே அவற்றிற் கதாநாயகியாக நடித்தார். அரங்கோடு சேர்ந்து ஓர் உணவுச்சாலையும் இருந்தது. நாடகம் பார்க்க வருவோர் நல்ல உணவு உண்ணவேண்டும், அந்த வருவாயும் அரங்குக்குப் பயன்படவேண்டும் என்பது அவர் கணக்கு. இரண்டாண்டுகளின் பின் அரங்கை ஒரு தருமசாதனத்துக்கு எழுதிவைத்துவிட்டார். நகரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பொதுவான சொத்தாக அது ஆயிற்று.

அதே 1936 இல் கலையும் அரசும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பழைய நகரங்களும் பேரரசுகளும் பொதுமக்களின் விழாவுக்கும் கட்டடத்துக்கும் தாராளமாகச் செலவிட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தான் வரவுக்கு மிஞ்சிய வருவாய் தராத எதற்கும் அரசு செலவிடலாகாது என்ற எண்ணம் புகுந்தது. அது நாகரிகத்துக்கே இழிவு என்பது அதன் சாரம். திறைசேரியிற் பழகிய ஒருவரே திறைசேரியின் கணக்குப் புத்தியை இவ்வாறு சாடினார். அடுத்த ஆண்டிலே கடும் இருதய நோய் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. அதன் பின் வாழ்ந்த ஒன்பதாண்டுகளும் மருத்துவரும் லிடியாவும் அளந்து கொடுத்த நாட்களே.

இனி, கழகத்தின் கதைக்கு வருவோம். 1939 இல் போர் மூண்டதும் அரங்குகள் மூடப்பட்டன. நகரங்கள் இருளில் ஆழ்ந்தன. நடிகரும் இசைவாணரும் வேலையிழந்தனர். 1940 ஜனவரியில், பில்கிறிம் நம்பிக்கை நிதியம் என்னும் தனியார் அறநிலையம் 25,000 பவுண் தர, கல்விப் பகுதியின் ஆதரவோடு இசைக்கும் கலைகளுக்கும் ஊக்கமளிக்கும் கழகம் ஒன்று தோன்றியது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதனைச் சீமா என்று அழைத்தனர். விரைவில் அரசாங்கமும் 25,000 பவுண் கொடுத்தது. தொடக்கத்தில் அதன் பணி ஊர்களை நோக்கியது. பயணஞ்செய்யும் இசையாசிரியர்கள் கிராமங்களுக்குச் சென்று பாடற்குழுக்களை அமைத்தனர். தேவாலயங்களிலும் தொழிற்சாலை உணவுக்கூடங்களிலும் கச்சேரிகள் நிகழ்ந்தன. ஓவியங்கள் சிறு பட்டினங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஓல்ட் விக் நாடகக் குழு வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளரின் ஊர்களில் ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தை ஆடியது. கற்றோரும் கல்லாதோரும் தாமே பாடுதலும் ஆடுதலும் வேண்டும் என்பதில் அக்கழகத்தின் முதல்வர்கள் பலருக்கு ஆழ்ந்த பற்றிருந்தது. இசையமைப்பாளர் வோகன் வில்லியம்ஸ் அவர்களுள் ஒருவர்.

1941 இன் முடிவிலே கல்வி மந்திரி பற்லர் கெயின்ஸைத் தலைமை ஏற்குமாறு கேட்டார். 1942 ஏப்பிரலில் அவர் பொறுப்பேற்றார். அதே வேளையில் தனியார் நிதியம் விலகிக்கொள்ள, முழுச் செலவும் திறைசேரியைச் சார்ந்தது. அவ்வாண்டிலேயே அவர் பிரபுப் பட்டமும் பெற்றார். செயலாளர் மேரி கிளாஸ்கோ என்னும் அம்மையார். திறைசேரியில் அவருடைய நாள் முடிந்தபின், பெரும்பாலும் படுக்கையிற் சாய்ந்தவாறே கழகத்தின் கோப்புகளைப் படித்துக் குறிப்பெழுதுவார். அமெரிக்காவிற் கடன் பேசச் சென்ற நாட்களிலும் கழக அலுவல் பற்றிய கடிதங்கள் கடல் கடந்து வந்துகொண்டிருந்தன.

அவர் செய்த மாற்றங்கள் சிறியனவல்ல. இசை, நாடகம், ஓவியம் என்னும் மூன்று துறைகளுக்கும் தனித்தனி ஆலோசனைக் குழுக்களை நிறுவினார். அத்துறை அறிந்தோரே அவற்றில் இருந்தனர். உத்தியோகத்தர் அவர்களுக்குத் துணையாயினர். பிறிஸ்ரல் நகரில் 1766 இல் எழுந்த பழம்பெரும் நாடக அரங்கொன்று பண்டகசாலையாக மாறவிருந்த வேளையில், அதனைக் கழகமே குத்தகைக்கு எடுத்து 1943 இல் மீண்டும் திறந்தது. வாடகை கொடுத்து ஓர் அரங்கை அரசின் பணம் காப்பாற்றியது பிரித்தானியாவில் அதுவே முதன்முறை என்பர்.

பணம் கொடுக்கும் முறையையும் அவர் மாற்றியமைத்தார். நன்கொடையைக் கையிற் கொடுப்பதினும் நட்டத்துக்குப் பிணை நிற்பதையே அவர் விரும்பினார். குழுவொன்று தன் வரவு செலவு மதிப்பீட்டைக் காட்டும். கழகம் ஆராய்ந்து இவ்வளவு வரை தாங்குவோமென்று ஒப்பும். வசூல் செலவை எட்டினாற் கழகம் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. குறைந்தால் மட்டும் ஒப்பிய எல்லைவரை ஈடுசெய்யும். இதனால் ஒரே பணத்தைக்கொண்டு பல குழுக்களுக்குத் துணிவூட்டலாம். காப்புறுதித் தொழிலை நன்கறிந்த ஒருவரின் மூளையிலே உதித்த வழி இது. கெயின்ஸ் ஒரு காப்புறுதிக் கம்பனிக்கும் தலைவராயிருந்தவர். குறையும் இல்லாமலில்லை. சிக்கனமாக நடந்து மிச்சம்பிடித்த குழுவுக்கு அடுத்த ஆண்டு பிணை குறையும். ஆகவே சேமித்து வைப்பதில் யாருக்கும் ஊக்கம் இராது.

இந்தப் பிணை முறையின் அருமை எனக்குப் புத்தகத்தால் மட்டும் தெரிந்ததன்று. நான் ஆசிரியனாக இருந்த ஓர் ஊரிலே நாடக மன்றமொன்றின் கணக்கைச் சில ஆண்டுகள் எழுதி வந்தேன். கூத்தொன்றை அரங்கேற்ற உதவி வேண்டி ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தோம். படிவங்கள் மூன்று பிரதிகளாகப் போயின. மறுமொழி வந்தபோது கூத்து முடிந்து, பந்தல் பிரித்து, உடுப்பு வாடகைக் கடனை அண்ணாவியார் தம் வீட்டு நெல்லை விற்று அடைத்து, ஐந்து மாதமாகியிருந்தது. எங்களுக்கு வேண்டியிருந்தது பெரும் பணமன்று. கடன் வந்தால் அண்ணாவியாரின் நெல்லுக்குக் கைவையாமல் வேறொருவர் தாங்குவார் என்ற ஒரு கடிதம், கூத்துக்கு முன் வந்திருந்தாற் போதும்.

ஆனால் அதே அண்ணாவியாரைக் கெயின்ஸின் கழகம் ஏறெடுத்துப் பார்த்திருக்குமா என்று கேட்டால், பார்த்திராது என்றே சொல்லவேண்டும். இங்கேதான் அவருடைய திட்டத்தின் மறுபக்கம் தெரிகிறது. அவர் தலைமையேற்றபின் தொழின்முறைக் கலைஞர்களே கழகத்தின் கண்ணுக்குப்பட்டனர். பொழுதுபோக்காகப் பாடுவோர், கிராம மண்டபத்தில் நடிப்போர், பயணஞ்செய்த இசையாசிரியர்கள் ஆகியோருக்கான பணி மெல்ல மெல்லப் பிற அறநிலையங்களுக்குக் கைமாறியது. தரத்தை உயர்த்துவதா, பரப்பை விரிப்பதா என்ற கேள்வியில் அவர் தரத்தின் பக்கமே நின்றார். மக்களிடையே ஓவியக் காட்சிகளைக் கொண்டுசென்ற டபிள்யு. ஈ. வில்லியம்ஸ் முதலியோர் இதனாற் கசப்புற்றனர். மேரி கிளாஸ்கோவுக்கும் தலைவருக்கும் உரசல்கள் உண்டாயின. ஸ்கொத்லாந்தினர் தம் பங்கைத் தாமே ஆள வேண்டுமென்று கேட்டபோது அவர் எளிதில் இணங்கவில்லை. அங்கே தனிக் குழு அமைந்தபின்னும் அதன் தலைவரான நாடகாசிரியரோடு வழக்காடிக் கொண்டிருந்தார். வரிவிலக்குப் பெறும் ஆசையால் இலண்டனின் வணிக நாடக முதலாளிகள் சிலர், இலாபம் நோக்காத துணைக் கம்பனிகளை அமைத்துக் கழகத்தின் நிழலில் ஒதுங்கியதும் இக்காலத்திலே தான். நாடகம் நன்றாயிருந்தால் அதனை அவர் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

அவர் பக்க நியாயத்தையும் கூறவேண்டும். சிறு தொகையை ஆயிரம் இடங்களுக்குத் தூவினால் எவ்விடத்தும் ஒன்றும் முளைக்காது என்று அவர் அஞ்சினார். கிராமத்தவர்க்கு இரண்டாந்தரமே போதும் என்று எண்ணுவது அவர்களை இழிவுபடுத்துவது என்பதும் அவர் எண்ணம். இந்த வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஆயினும் முதற்றரத்தைப் படைக்கும் கலைஞன் எங்கிருந்து முளைக்கிறான்? ஊர்ப் பாடற்குழுவிலே வாயசைத்த சிறுவனிலிருந்து அல்லவா? அந்தக் கேள்விக்கு அவர் திட்டத்தில் இடமில்லை. தம் தோட்டத்தில் மலர்களை மட்டும் எண்ணிய தோட்டக்காரர் அவர்.

போர் முடியுந் தறுவாயில், கழகம் சமாதான காலத்திலும் நிலைக்குமா என்பதே பெரிய வினாவாயிற்று. பணம் எவ்வழியாக வரவேண்டும் என்பதில் கெயின்ஸ் உறுதியாக இருந்தார். கல்விப் பகுதியின் ஒரு கிளையாகக் கலையை வைத்துவிட்டால், நாளை ஒரு மந்திரி பாடத்திட்டம் வகுப்பதுபோல நாடகத்துக்கும் திட்டம் வகுக்கத் தொடங்கிவிடுவார். ஆகையால் பாராளுமன்றம் ஒரு மொத்தத் தொகையை ஒதுக்கும். அது திறைசேரியிலிருந்து நேரே கழகத்துக்குச் செல்லும். கழக உறுப்பினர்களை நிதி மந்திரி நியமிப்பார், அவர்கள் சம்பளம் பெறமாட்டார்கள். எந்த நாடகத்துக்கு எவ்வளவு என்பதைக் கழகமே தீர்மானிக்கும். மொத்தத் தொகை போதுமா, மிகையா என்று உறுப்பினர்கள் பாராளுமன்றத்தில் வாதாடலாம். ஒரு குறிப்பிட்ட நாடகத்தை ஏன் ஆடினீர்கள் என்று மந்திரியை மடக்க முடியாது. அது தம் கையில் இல்லை என்று அவர் உண்மையாகவே சொல்லிவிடலாம். அரசியல்வாதிக்கும் கலைஞனுக்கும் இடையே ஒரு முழ இடைவெளியை இவ்வாறு சட்டமாக்கினார். திறைசேரியை நன்கறிந்தவர்க்கே இது தோன்றும். கலையைப் பற்றி யாதும் தெரியாத பகுதி திறைசேரி. தெரியாதவர் தலையிடவும் மாட்டார்.

1945 ஜூன் 12 இல் நிதி மந்திரி சேர் ஜோன் அண்டேர்சன் இம்முடிவைப் பாராளுமன்றத்தில் அறிவித்தார். சீமா இனிப் பெரிய பிரித்தானியக் கலைக்கழகம் என்னும் பெயரோடு நிலைக்கும். 1945-46 ஆம் ஆண்டுக்கு ஒதுக்கிய தொகை 235,000 பவுண். ஜூலை 8 இல் கெயின்ஸ் வானொலியிற் பேசினார். பொதுத்தேர்தல் வாக்களிப்பு முடிந்து, முடிவு வெளிவராத நாட்கள் அவை. அரசு கலைக்குப் புரவலனாகும் மாற்றம் ஆரவாரமின்றி, யாரும் கவனியாத விதமாக நிகழ்ந்துவிட்டது என்று அவர் விளக்கினார். கலைஞனுக்குத் திசை காட்டுவது கழகத்தின் வேலையன்று. அவனுக்கு இடமும் துணிவும் கொடுப்பதே வேலை என்றார். எல்லாவற்றினும் அவரை வருத்தியது கட்டடமின்மை. குண்டுவீச்சில் வீடிழந்தோர்க்கு வீடே முதலில் என்பதை ஒப்புக்கொண்டு, சிறிதளவு செங்கல்லையேனும் அரங்குகளுக்கும் கேட்டார். நடுத்தரமான ஒரு பட்டினத்துக்கு ஏற்ற கலை நிலையம் எவ்வாறு அமையவேண்டும் என்பதற்கு மாதிரிப் படங்களையும் அவ்வாண்டிலே கழகம் வெளியிட்டது. இலண்டனை மாபெரும் கலைநகராக்க வேண்டும், ஆனால் ஒவ்வொரு மாகாணமும் தன் தன் வழியில் மகிழ்ந்திருக்கவும் வேண்டும் என்றும் அப்பேச்சிலே கூறினார். முன்னைய விருப்பத்துக்குப் பணம் கிடைத்தது. பின்னையதற்கு அவ்வளவு கிடைக்கவில்லை.

இலண்டனுக்கென அவர் எடுத்த பெருமுயற்சி கொவன்ற் கார்டன் அரங்கு. போர்க்காலத்தில் அது பொதுமக்கள் கைகோத்து ஆடும் நடனக்கூடமாக மாறியிருந்தது. அதனை மீட்டு நிரந்தரமான இசைநாடகத்துக்கும் நடனத்துக்கும் உரியதாக்க அமைந்த குழுவுக்கும் அவரே தலைவர். 1945 இன் பிற்பகுதியை அவர் வாஷிங்ரனிற் கழித்தார். 375 கோடி டொலர் கடன் பெறுவதற்கான பேச்சுவார்த்தை அது. உடல் முறிந்து திரும்பினார். 1946 பெப்ரவரி 20 இல், நித்திரை அழகி என்னும் நடன நாடகத்தோடு அரங்கு திறக்கப்பட்டது. மன்னரும் அரசியாரும் வந்தனர். வரவேற்க நிற்க வேண்டிய கெயின்ஸுக்குச் சற்று முன்பே மாரடைப்பின் அறிகுறி கண்டது. லிடியாவே அவருக்குப் பதிலாக நின்று வரவேற்றார். சிறிது தெளிந்தபின் அவர் வந்து சேர்ந்து நடனத்தைப் பார்த்தார்.

அடுத்த மாதம், சர்வதேச நாணய நிதியின் தொடக்கக் கூட்டத்துக்காக ஜோர்ஜியா மாநிலத்துச் சவன்னா நகருக்குச் சென்றார். திரும்பும் புகைவண்டியிலே மீண்டும் நெஞ்சுநோவு கண்டது. 1946 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, சசெக்சிலுள்ள ரில்ற்றன் என்னும் தம் பண்ணை வீட்டிலே காலமானார். வயது 62. வெஸ்ற்மினிஸ்ரர் தேவாலயத்தில் நடந்த நினைவு வழிபாட்டிலே முதிய பெற்றோர் இருவரும் அமர்ந்திருந்தனர். சாம்பலைக் கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயத்தில் வைக்கவேண்டுமென்று எழுதி வைத்திருந்தார். உடன்பிறந்தவரோ ரில்ற்றனுக்கு மேலுள்ள குன்றின்மீது தூவிவிட்டார். லிடியா அவ்வீட்டிலே நெடுங்காலம் தனித்து வாழ்ந்து 1981 இல் மறைந்தார்.

கழகத்தின் அரச சாசனம் 1946 ஓகஸ்ட் 9 இல் வழங்கப்பட்டது. அதனைக் காண அவர் இல்லை. சேர் ஏர்ணெஸ்ற் பூலி தலைவரானார். நுண்கலைகளை மட்டுமே வளர்ப்பது கழகத்தின் கடமை என்று சாசனம் வரையறுத்தது. 1967 இல் புதிய சாசனம் வந்தபோதே அந்த மட்டும் என்ற வேலி அகன்றது. வெளியூர்களில் இருந்த கழக அலுவலகங்கள் 1956 அளவில் மூடப்பட்டன. கொவன்ற் கார்டன் தொகையிற் பெரும்பங்கைப் பெற்றுவந்தது. 1965 இல் கழகத்தின் பணம் திறைசேரியிலிருந்து கல்வி அமைச்சின் பொறுப்புக்கு மாறியது. 1994 இல் இங்கிலாந்து, ஸ்கொத்லாந்து, வேல்ஸ் என மூன்றாகக் கழகமே பிரிந்தது.

நம் நாட்டிலும் 1952 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைக் கலைக்கழகம் தோன்றியது. பெயரிலும், துறைதோறும் குழு வைக்கும் அமைப்பிலும் இலண்டனின் சாயல் அதில் இருந்தது. ஆனால் அதன் தமிழ் நாடகக் குழுவுக்குப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமை தாங்கிய காலத்தில் அது சென்ற திசை வேறு. தொழின்முறை அரங்கு என்று சுட்டத்தக்க ஒன்று இங்கே அரிதாதலால், குழு மட்டக்களப்பிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கூத்தாடிய கமக்காரரையும் மீன்பிடிப்போரையும் தேடிச் சென்றது. அண்ணாவிமார் மேடைக்கு அழைக்கப்பட்டுப் பொன்னாடை பெற்றனர். ஏட்டிலும் நினைவிலும் கிடந்த கூத்துகள் அச்சேறின. 1962 இல் மட்டக்களப்பின் அலங்காரரூபன் நாடகமும், 1964 இல் மன்னாரின் என்றீக்கு எம்பரதோர் நாடகமும் நூலுருவாயின.